தண்ணீர் நிற்காத குட்டை, நட்டதெல்லாம் கருகும் கரை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அரை ஏக்கர் முதல் 3 ஏக்கர் வரையுள்ள ஊர்க்குட்டைகளுக்கும் கோயில் குளங்களுக்கும் எழுதியது இது. இடம் சேலம் சமவெளியும் சேர்வராயன் மலைக் கிராமங்களும். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில் வரும், வண்டி பிடிக்க வேண்டியது கடைசியில் வரும். வரிசையைத் தாண்ட வேண்டாம். முதல் நாளே பொக்லைன் இறக்கிய குட்டைகளில்தான் அடுத்த வருடம் வேலை இரட்டிப்பாகிறது.

கையில் இருக்க வேண்டியவை: ஒரே அளவில் 2 பக்கெட், இரும்பு அளவுகோல், 1 லிட்டர் கண்ணாடி பாட்டில் 3, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாள் ஒரு கட்டு, 50 மீட்டர் டேப், 30 மீட்டர் நைலான் கயிறு, புல எண்ணுக்கான வரைபட நகல். கடைசியாகச் சொன்னதை வாங்காமல் வேலையைத் தொடங்கினால் 2-ஆம் அறிகுறியில் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள்.

யாரிடம் அனுமதி கேட்பது என்பதிலேயே பலர் ஒரு மாதம் அலைகிறார்கள். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம், நகருக்குள் என்றால் மாநகராட்சி. எதுவானாலும் நிலம் வருவாய்த் துறைக் கணக்கில்தான் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊரின் நிலக் கணக்கான ஏ-பதிவேட்டைப் பார்த்துவிட்டு அதன்பின் மனு எழுதுங்கள்.

## அறிகுறி 1: மழைக்கு நிரம்புகிறது, சில வாரத்தில் வற்றிவிடுகிறது

முதல் சோதனை: பக்கெட். ஒரு பக்கெட்டைக் குட்டைக்குள் ஆழம் குறைந்த இடத்தில் கல் வைத்து நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு மட்டத்தையும் குறித்துக்கொண்டு, மழையில்லாத 5 நாள் கழித்து அளந்து பாருங்கள். பக்கெட்டில் குறைந்தது வெயில் குடித்த கணக்கு. குட்டையில் அதற்கு மேல் குறைந்தது கசிவு.

பக்கெட்டில் 35 மில்லிமீட்டர், குட்டையில் 50 என்றால் கவலை இல்லை. நாளைக்கு 3 மில்லிமீட்டர் மண் குடிப்பது இயல்பு, நிலத்தடி நீருக்கு அதுதான் வேண்டியதும். குட்டையில் 85 குறைந்திருந்தால் நாளைக்கு 10 மில்லிமீட்டர் கசிகிறது. ஒரு ஏக்கர் பரப்பில் அது 40,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்றுக்கு மேல். இந்த அளவுக்குப் போனால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

வேறுபாடே இல்லையென்றால் குட்டையில் குறை எதுவும் கிடையாது, ஆழம்தான் போதவில்லை. சேலம் கோடையில் வெயில் மட்டுமே நாளைக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் எடுக்கும். ஜனவரியில் 1 மீட்டர் தண்ணீர் இருக்கும் குட்டை மே மாதம் காய்வதைத் தடுக்க முடியாது. காய்ந்தால் காயட்டும். நாட்டுச் செடிகளில் பாதி அந்தக் காய்ச்சலுக்குப் பழகியவைதான்.

கசிவு எந்த உயரத்தில் இருக்கிறது? மட்டக் கம்பு ஒன்று நட்டுத் தினமும் குறியுங்கள். வேகமாக இறங்கிய மட்டம் ஓர் உயரத்துக்கு வந்ததும் மெதுவானால், ஓட்டை அந்த உயரத்தில் உண்டு. அடிவரை ஒரே வேகத்தில் இறங்கினால் ஓட்டை தரையில். செலவில்லாத இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை, அதனால் கரை முழுவதையும் தோண்டிப் பார்க்கிறார்கள்.

- மதகு. வெளிப்புறம் வாய்க்காலில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். பலகையின் அடியில் கல்லோ குச்சியோ சிக்கியிருக்கும், அல்லது மதகுக் கட்டடத்துக்கும் மண்கரைக்கும் இடையே விரிசல் ஓடியிருக்கும். விரிசலில் சிமென்ட் பூசினால் மண் சுருங்கும்போது மறுபடி விலகும். ஒரு முழ அகலம் தோண்டிக் களிமண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசால் இடிக்க வேண்டும்.
- நண்டு வளை, பெருச்சாளி வளை. தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலும் கீழும் தேடுங்கள். வாயை மட்டும் அடைப்பது வீண். வளை போகும் போக்கில் தோண்டிக்கொண்டே போய், உள்ளிருந்து களிமண் அடைத்து வர வேண்டும். கையை உள்ளே விடாதீர்கள். கண்ணாடி விரியன் குடியிருக்கும் இடமும் அதுதான்.
- பிடுங்கிய வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) தூர். கரையில் இருக்கும் சீமைக்கருவேலத்தை வண்டியால் வேரோடு பிடுங்கினால் வேர் போன வழியெல்லாம் சுரங்கமாகும். குட்டையின் தரையில் இருப்பதைப் பிடுங்கலாம். கரையில் இருப்பதைத் தரையோடு அறுத்துவிட்டு 3 வாரத்துக்கு ஒருமுறை துளிரைச் சீவிக்கொண்டே வர வேண்டும், விடாமல் செய்தால் மெல்ல ஓயும். வேர் மட்கும் காலத்தில் அங்கே கசிவு வரலாம் என்பதால் அடுத்த 2 மழைக்காலமும் அந்த இடத்தில் ஒரு கண் வையுங்கள்.
- அளவுக்கு மீறித் தோண்டிய தரை. தூர் வாரிய மறு வருடமே தண்ணீர் நிற்கவில்லை என்றால் பத்தில் ஏழெட்டு முறை இதுதான் காரணம். பல வருடம் படிந்த நுண் வண்டல்தான் குட்டைக்கு அடி மூடி. அதைச் சரளை தெரியும் வரை சுரண்டி எடுத்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். பரிகாரம்: சரளை தெரியும் இடங்களில் மட்டும் களிமண் 30 சென்டிமீட்டர் பரப்பி, நனைத்து, மாடு விட்டு மிதிக்கவிடுவது. களிமண் சரியானதா என்று பார்க்க, ஈர மண்ணைப் பென்சில் தடிமனுக்கு உருட்டி மோதிரம் போல் வளையுங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் போதும். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். செடியும் வேரூன்றாது, ஊற்றும் அடைபடும்.

பொறியாளரைக் கூப்பிட வேண்டிய இடம்: கரையின் வெளிப்புறம் வரும் கசிவு தெளிவாக இருந்தால் குறித்துவைத்துக் கவனிக்கலாம். கலங்கி வந்தால் கரையின் உள்மண் கரைந்து வருகிறது என்று பொருள். அன்றே ஊராட்சிக்கும் நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கசியும் வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள், தண்ணீர் வேறு பக்கம் பிய்த்துக்கொள்ளும். அதன்மேல் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய கல் என்று பரப்பி, தண்ணீர் வடிந்து மண் மட்டும் நிற்கும்படி செய்யுங்கள். கீழே வீடு இருந்தால் ஆட்களை நகர்த்துவதுதான் முதல் வேலை.

## அறிகுறி 2: ஊரெல்லாம் மழை, குட்டைக்கு மட்டும் வரத்து இல்லை

மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். வெயிலில் போய்ப் பார்த்தால் எல்லா வாய்க்காலும் சரியாகத்தான் தெரியும். குட்டையின் வாயிலிருந்து மேல்நோக்கி நடந்து, தண்ணீர் எங்கே பிரிந்து போகிறது என்று பாருங்கள்.

- வாய் மேடாகியிருக்கிறது. போன முறை தூர் வாரிய மண்ணை வரத்து வாயிலேயே கொட்டியிருப்பார்கள். 4 மண்வெட்டி, ஒரு காலை வேலை.
- குழாய்ப் பாலம் அடைபட்டிருக்கிறது. பாட்டில், தென்னை மட்டை, தலையணை. மூங்கில் கழியால் கீழ்ப்புறத்திலிருந்து குத்தி எடுங்கள். குழாய்க்குள் ஆள் நுழைய வேண்டாம்.
- சாலை உயர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் மேலே மேலே போட்டு, பழைய குழாயின் வாய் பள்ளத்தில் போயிருக்கும். இது தன்னார்வலர் வேலை அல்ல. சாலை எந்தத் துறையுடையதோ அவர்களுக்குப் படத்தோடு மனு கொடுங்கள்.
- வாய்க்காலே இல்லை. மனை போட்டுவிட்டார்கள், அல்லது வயலில் சேர்த்து உழுதுவிட்டார்கள். இங்கேதான் புல வரைபடம் பேசும். ஓடைப் புறம்போக்கு என்று குறித்திருந்தால் நில அளவர் அளவைக்குப் பணம் கட்டி எல்லைக்கல் போடச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளுக்கு உதவும். மற்றவற்றுக்கு வட்டாட்சியர்தான் வழி. ஆக்கிரமித்தவரோடு தன்னார்வலர்கள் நேரடியாகப் பேசப்போய்க் கைகலப்பானால், குட்டை வேலை 2 வருடம் தள்ளிப்போகும்.

சேலம் நகருக்கு ஒரு காலத்தில் குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரியே வரத்துக் குறைந்து, பல வருடம் சீமைக்கருவேலக் காடாகக் கிடந்தது. வரத்தை விட்டுவிட்டுக் குட்டையை மட்டும் ஆழப்படுத்தினால் கிடைப்பது பெரிய குழி. பணம் குறைவாக இருந்தால் முதலில் வாய்க்காலுக்குச் செலவழியுங்கள்.

## அறிகுறி 3: கரை சரிகிறது, கோடி போகும்போது (குட்டை நிரம்பி மிகைநீர் வழியும்போது) அரிக்கிறது

வண்டி வெட்டிய கரை செங்குத்தாக நிற்கும், பார்க்கவும் அழகாக இருக்கும், முதல் கனமழைக்கே உட்காரும். உட்புறம் 1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் சரிவு, வெளிப்புறம் 1-க்கு ஒன்றரை. ஏற்கெனவே செங்குத்தாக வெட்டிவிட்டார்கள் என்றால் மேல்விளிம்பைச் சீவிக் கீழே தள்ளுங்கள். வெளியிலிருந்து மண் வேண்டாம்.

சரிவு சரியாக இருந்தும் அரிப்பு இருந்தால் வெட்டிவேர். 3 தூர் கொண்ட நாற்று, மேலே 20 சென்டிமீட்டர் விட்டு இலையை வெட்டி, வேரை 10 சென்டிமீட்டராகக் கத்தரித்து, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நடவேண்டும். 100 மீட்டர் கரைக்கு ஒரு வரிசை 1,000 நாற்று. அரை மீட்டருக்கு ஒன்று நட்டால் நடுவே தண்ணீர் பாய்ந்து முன்பைவிட மோசமாக அரிக்கும். நாற்று வாங்கும் காசை மிச்சப்படுத்தப்போய் எல்லோரும் செய்யும் தவறு இது. வரிசைகள் கிடைமட்டமாக, 1 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஒன்று. ஜூலை, ஆகஸ்டுக்குள் நட்டால்தான் ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்கும்.

கோடி, சில ஊரில் கலிங்கு என்பார்கள், அதன்மேல் மண்மூட்டை அடுக்கி "இன்னும் ஒரு அடி தண்ணீர் பிடிக்கலாம்" என்று யாராவது சொன்னால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். மண்கரை மேலேறித் தண்ணீர் வழிந்தால் கரை நிற்காது. கோடியின் கட்டடம் வெடித்திருந்தாலோ, அதன் அடியில் குழிவிழுந்திருந்தாலோ பொறியாளர் வேலை.

கரையின் மேல் ஆலும் அரசும் வேண்டாம். வெளிச்சரிவின் அடியில் பனை, புங்கன், நொச்சி. நீர்மருதும் நாவலும் கரையை விட்டுத் தள்ளி, வரத்துப் பக்கத்தில்.

## அறிகுறி 4: தண்ணீர் எப்போதும் செம்மண் கலங்கல்

பாட்டில் சோதனை போதும். ஒரு லிட்டர் மொண்டு ஆடாமல் வையுங்கள்.

ஒரே நாளில் தெளிந்தால் யாரோ கலக்குகிறார்கள். மாடு இறங்கும் இடம் ஒன்றே ஒன்றாகக் கல் பாவிக் கொடுத்து, மற்ற இடத்தில் முள்வேலி. மாடே வரக்கூடாது என்று சொல்லாதீர்கள், ஊரில் எடுபடாது. மாடு இல்லையென்றால் ஜிலேபி மீன். சேற்றைக் குழித்து முட்டையிடும். கோடையில் தண்ணீர் குறையும்போது வலை போட்டுப் பிடித்துக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

3 நாளாகியும் தெளியாவிட்டால் மேலேயிருந்து நுண்களி வருகிறது. வரத்து வாய்க்கு முன்னால் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் குழி வெட்டி, அது குட்டைக்குள் வழியும் இடத்தில் கோரையும் வெட்டிவேரும் நடுங்கள். பெரிய மழை முடியும்தோறும் குழியைக் காலி செய்யவேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது மழையிலேயே குழி இருந்த இடம் தெரியாது. குழி முரட்டு மண்ணை நிறுத்தும். நுண்களியை ஓரளவு பிடிப்பது கோரைதான். மேலே புதிதாக மனை போட்டு மண் வெட்டிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை தெளிவை எதிர்பார்க்க வேண்டாம்.

## அறிகுறி 5: தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிட்டது, விடியலில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது

பாசி பகலில் உயிர்க்காற்று தரும், இரவில் அதையே குடிக்கும். ஆகவே ஆபத்து நேரம் அதிகாலை 3 மணியிலிருந்து சூரியன் ஏறும்வரை. மீன் வாய் பிளந்தால் அன்று செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆயில் என்ஜின் பம்பு வைத்து அதே தண்ணீரை இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி அங்கேயே விடுங்கள். பொரி, ரொட்டி போடுவதை நிறுத்துங்கள். மயில்துத்தம் போடவே கூடாது. பாசி ஒரேயடியாகச் செத்து அழுகும், இருக்கிற கொஞ்சக் காற்றும் போய் மீன் மொத்தமும் மிதக்கும்.

பிறகு காரணம். ஒருவரும் கேட்காத கேள்வியை முதலில் கேளுங்கள்: மீன் ஏலம் யார் எடுத்திருக்கிறார்கள்? ஏலம் எடுத்தவர் மீன் பெருக்கச் சாணமும் கோழிக்கழிவும் கொட்டினால், எத்தனை அல்லி நட்டாலும் பச்சை போகாது. அவரோடு சண்டையும் வேண்டாம், குத்தகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கழிவு போடக்கூடாது, நீர்ச்செடி தின்னும் புல்கெண்டை மீனை விடக்கூடாது என்று ஊராட்சி தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஏலம் இல்லையென்றால் துவைக்கும் சோப்பு, அதுவும் இல்லையென்றால் ஏதோ ஒரு வீட்டுக் கழிவுநீர்க் குழாய். சாயந்திரம் 6 மணிக்கும் காலை 7 மணிக்கும் சுற்றி நடந்தால் குழாய் தானே காட்டிக்கொடுக்கும்.

நிதானமான மருந்து நிழல். பரப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை அல்லி, கொட்டிக்கிழங்கு இலை மூடியிருந்தால் பாசி அடங்கும். அதற்கு மேல் மூடவும் விடாதீர்கள்.

## அறிகுறி 6: கறுப்பு, நாற்றம், நுரை

மூக்கும் பி.எச். தாளும் பாதி விடை சொல்லும். அளப்பது காலை 7 மணிக்கு முன். பாசி உள்ள குட்டையில் மதியம் பி.எச். தானாகவே 9-க்கு மேல் ஏறும், அதைப் பார்த்து ரசாயனம் என்று புகார் எழுதியவர்கள் உண்டு. கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) பூமியில் காலையிலேயே 8.5 காட்டினாலும் அது மண்ணின் குணம்.

- முட்டை அழுகிய வாடை, கறுப்புச் சேறு: சாக்கடை. திருமணிமுத்தாறு ஓடும் வழியில் இருக்கும் குட்டைகளுக்கு இது தீராத பாடு. வாய்க்காலில் ஒரு திருப்புப் பலகை வைத்து, மழையில்லாத நாளில் வருவதை வெளியே திருப்பி, பலத்த மழையில் அரை மணி நேரம் ஓடிக் கழுவிய பிறகு உள்ளே விடுவதுதான் கைக்கெட்டிய வழி. திருப்பிவிடுவது அடுத்தவர் வயலிலோ கிணற்றோரத்திலோ போய் நிற்காதபடி இடம் பாருங்கள். நாணலும் சம்பும் சாக்கடையைச் சுத்தம் செய்யும் என்று கேள்விப்பட்டு நேராக நடாதீர்கள். சிறு அளவுக்கு உதவும். ஒரு தெருவின் சாக்கடையைத் தாங்காது.
- புளித்த வாடை, வெளுத்த சாம்பல் நிறம், பி.எச். 5-க்குக் கீழ்: மரவள்ளி அரைவைப் பருவமாக இருந்தால் ஜவ்வரிசி ஆலைக் கழிவைச் சந்தேகிக்கலாம். மரவள்ளிச் சாற்றில் சயனைடு இருப்பதால் மாடு குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- மலையில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழுப்பு நிறமும் புளிப்பும்: காபிப் பழம் உரிக்கும் பல்பிங் தண்ணீர். ஏற்காட்டில் எஸ்டேட்டுக்குக் கீழே இருக்கும் ஊற்றுக்குட்டைகளில் காணலாம். எஸ்டேட் மேலாளரிடம் கழிவுக்குழி பற்றிப் பேசினால் பெரும்பாலும் தீரும்.
- ஒரு நாள் நீலம், ஒரு நாள் சிவப்பு: சாயம். உலோக வாடையும் மீன் திடீர்ச் சாவும் சேர்ந்தால் பட்டறை அமிலமாக இருக்கலாம்.

சாயம், அமிலம் என்று சந்தேகம் வந்தாலும், மீன் கூட்டமாகச் செத்தாலும், தன்னார்வலர் எவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். சுத்தமான பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே மூடிக் காற்றில்லாமல் நிரப்பி, நேரம் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேருங்கள். இரண்டு நாள் வீட்டில் வைத்த மாதிரியால் ஒன்றும் நிரூபிக்க முடியாது.

## அறிகுறி 7: எடுக்க எடுக்க வெங்காயத்தாமரை

ஆகாயத்தாமரை என்றும் இதைத்தான் சொல்கிறார்கள். பழைய வைத்திய நூல்களில் ஆகாயத்தாமரை வேறு செடி, வெல்வெட் முட்டைக்கோசு போல மிதப்பது. ஊதாப்பூவும் காம்பில் காற்றுப்பையும் உள்ளதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

முதலில் ஒரு கணக்கு. ஈரத்தோடு ஒரு சதுர மீட்டரில் 20 முதல் 40 கிலோ இருக்கும். ஒரு ஏக்கர் முழுக்க மூடியிருந்தால் 100 டன் என்று வையுங்கள். ஒருவர் ஒரு காலையில் 150 கிலோ இழுத்தாலும் 30 பேருக்கு நாலரை டன். 22 ஞாயிறு ஆகும். செடியோ நல்ல வெயிலில் சுமார் 2 வாரத்தில் இரட்டிப்பாகும். ஆகவே பாதிக்கு மேல் மூடியிருந்தால் நீளக்கை ஹிட்டாச்சி, கால்வாசிக்குக் கீழ் என்றால் ஆட்கள். இடைப்பட்டதற்கு மூங்கிலும் காலி கேனும் கட்டிய கயிற்றை மிதக்கவிட்டு, காற்றடிக்கும் பக்கமாகவே ஒதுக்கி ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு, பிறகு இழுங்கள்.

திரும்பி வருவதற்கான காரணங்கள், எளியதிலிருந்து: கரையோரத்திலேயே குவித்திருப்பார்கள், மழையில் உருண்டு உள்ளே போகும், 10 மீட்டராவது தள்ளிக் குவியுங்கள். கோரைக்கு நடுவே கையளவு செடி நாலு தங்கியிருக்கும், பெரிய வேலை முடிந்த பின் 3 மாதம் வாரம் ஒருமுறை இருவர் சுற்றிப் பொறுக்க வேண்டும். விதை சேற்றில் பல வருடம் உறங்கும், கோடையில் காய்ந்த குட்டையில் மழை விழுந்ததும் நாற்றாக முளைக்கும், அப்போது பிடுங்குவது சுலபம். இது எல்லாம் செய்தும் வந்தால் 5-ஆம், 6-ஆம் அறிகுறிக்குப் போங்கள். சாக்கடை வரும்வரை இதற்குச் சாப்பாடு உண்டு. இந்தச் செடியைத் தின்னும் கூன்வண்டை விட்டுப் பார்க்கலாம் என்பார்கள். 1980-களிலேயே இந்தியாவுக்கு வந்த வண்டுதான், ஆனால் மெதுவாக வேலை செய்யும். செடியைக் கையால் எடுத்துக்கொண்டே இருக்கும் சிறு குட்டையில் வண்டு பெருகாது.

கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு இருந்தால் வெட்டிய தண்டை ஈர மண்ணில் போடாதீர்கள். ஒவ்வொரு துண்டும் வேர்விடும்.

## அறிகுறி 8: நட்டது எல்லாம் சாகிறது

செடியைப் பார்த்தாலே எப்படிச் செத்தது என்று தெரியும்.

அழுகிச் செத்திருந்தால் மூழ்கிவிட்டது. செப்டம்பரில் தண்ணீரோரம் நட்ட கோரை நவம்பரில் 1 மீட்டர் ஆழத்தில் நிற்கும். குட்டைக்கு இரண்டு நடவுக் காலம் உண்டு. கரைச்சரிவுக்கு ஆடி, ஆவணி. தண்ணீருக்குள் நடுவதற்கு மழை ஓய்ந்து மட்டம் நிலைத்த மார்கழிக் கடைசியும் தையும். ஏற்காட்டில் அந்த மாதங்களில் குளிருக்கு வளர்ச்சி நின்றுவிடும், அங்கே மாசிக்குத் தள்ளிப்போடுங்கள்.

கருகிச் செத்திருந்தால் மேட்டில் நட்டுவிட்டீர்கள். ஆழம் பார்த்து நட வேண்டும்:
- ஈரம் மட்டும் உள்ள விளிம்பு: பொடுதலை, அருகு, வல்லாரை. மலையில் வசம்பு.
- 15 சென்டிமீட்டர் வரை: நீர்ப்பிரமி, கோரை, நீர்முள்ளி. நீர்முள்ளியில் முள் உண்டு, பிள்ளைகள் இறங்கும் பக்கம் வேண்டாம்.
- 15 முதல் 50: கொட்டிக்கிழங்கு.
- 50 முதல் 150: அல்லி, தாமரை. தாமரையை 1 ஏக்கருக்குக் குறைந்த குட்டையில் விட்டால் 3 வருடத்தில் தாமரை மட்டும்தான் இருக்கும்.
- சம்பும் அப்படியே. தானே வரும், நடத் தேவையில்லை, வருடா வருடம் அறுக்க வேண்டிவரும்.

செடியே காணோம் என்றால் மிதந்து போயிருக்கும், அல்லது தின்றிருக்கும். அல்லிக் கிழங்கை வெறுமனே எறிந்தால் மிதக்கும். பழைய சணல் சாக்கில் களிமண்ணோடும் ஒரு கல்லோடும் வைத்து, முளை வெளியே தெரியும்படி வாயைத் தளரக் கட்டி, கயிற்றில் இறக்குங்கள். சாக்கு மட்குவதற்குள் வேர் பிடித்துவிடும். முதலில் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கி, இலை விரிந்த பிறகு உள்ளே நகர்த்துவது நல்லது. கடித்த தடம் இருந்தால், தண்டு மேலே வெட்டுப்பட்டிருப்பது ஆடு, நீருக்குள் அடியோடு போயிருப்பது புல்கெண்டை. புல்கெண்டை இருக்கும்வரை நீர்ச்செடி நடுவது அதற்குச் சோறு போடுவது. ஆட்டுக்கு 3 மாதம் முள் அடைப்பு போதும்.

மஞ்சளாகிக் குறுகி நின்றால் மண். வெள்ளைக்கல் பூமியில் மக்னீசியம் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. குழிக்கு ஒரு கூடை வெளிமண்ணும் ஒரு கை ஜிப்சமும் போடுங்கள். தூர் வாரிய அடிமண்ணைக் கரையில் கொட்டி அதிலேயே நட்டிருந்தாலும் இப்படி ஆகும், மேலே வண்டலைப் பரப்புங்கள்.

திட்டு பற்றி ஒரு வார்த்தை. கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010-இல் தொடங்கிய மீட்பில் வாரிய மண்ணை உள்ளேயே திட்டுகளாக்கி மரம் நட்டார்கள், பறவை வந்தது. அதைப் பார்த்து முக்கால் ஏக்கர் குட்டைக்குள் ஒரு திட்டுப் போட்டால், திட்டும் அதன் சரிவும் கொள்ளளவில் பெரும்பங்கைத் தின்றுவிடும். 3 ஏக்கருக்குக் கீழ் திட்டு வேண்டாம். வண்டல் மிஞ்சினால் வட்டாட்சியர் அனுமதியோடு உழவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

நாற்று எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: வாங்காதீர்கள். பக்கத்து ஏரியில் கோரையும் கொட்டியும் இருக்கும், பத்தில் ஒரு பங்கு எடுத்தால் அங்கே தெரியாது. எடுத்ததைக் கழுவி, வெங்காயத்தாமரைக் குஞ்சு ஒட்டியிருக்கிறதா பார்த்து, பிறகு கொண்டுவாருங்கள்.

## அறிகுறி 9: குட்டையால் கொசு என்று தெருவே புகார்

வெள்ளைக் கிண்ணத்தில் ஓரத்தண்ணீரை 10 இடத்தில் மொண்டு பாருங்கள். புழு இல்லையென்றால் கொசு குட்டையிலிருந்து வரவில்லை. டெங்கு கொசு குட்டையில் வளர்வது அரிது, கரையில் கிடக்கும் டீக் கப்பிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் வளரும். புழு இருந்தால் மீன் எட்டாத அடர்ந்த செடிக்குள்தான் இருக்கும். ஓரத்தில் 2 மீட்டருக்கு ஒரு வழி அறுத்துவிட்டால், நெற்றியில் வெள்ளைப்புள்ளி மின்னும் நாட்டுச் சிறுமீனே தின்று தீர்க்கும். வெளிநாட்டு மீன்களான கம்பூசியாவையும் கப்பியையும் கொண்டுவந்து விடாதீர்கள், தவளை முட்டையையும் தின்னும். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடைசெய்யப்பட்ட மீன்.

## அறிகுறி 10: முதல் ஞாயிறு 80 பேர், நான்காவது ஞாயிறு 6 பேர்

இதற்கும் எளிய காரணத்திலிருந்தே தொடங்குங்கள். வேலை 8 மணிக்கு ஆரம்பித்தால் 9 மணிக்கு வெயில் ஏறிவிடும். காலை 6.30 முதல் 9 வரை, அதற்கு மேல் ஒரு நிமிடம் வேண்டாம். அடுத்தது கருவி. 80 பேருக்கு 10 மண்வெட்டி இருந்தால் 70 பேர் செல்ஃபி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். 20 பேருக்கு 8 மண்வெட்டி, 2 கடப்பாரை, 8 பாண்டு, 4 அரிவாள், 20 ஜோடி ரப்பர் கையுறை. இதற்கு மேல் ஆள் வந்தால் குப்பை பொறுக்கும் குழு, நாற்றுக்கு இலை கத்தரிக்கும் குழு என்று பிரியுங்கள். மண்வெட்டி பிடிக்காத முதியவர்களும் பிள்ளைகளும் இங்கேதான் நிலைப்பார்கள்.

"குட்டையைச் சுத்தம் செய்வோம்" என்று அழைக்காதீர்கள். "இந்த வாரம் வரத்து வாயிலிருந்து பாலம் வரை 40 மீட்டர்" என்று அழையுங்கள். முடிந்த வேலையைக் கண்ணால் பார்த்தவர் மறு வாரமும் வருவார். இவ்வளவும் செய்தும் 6 பேர்தான் என்றால், 6 பேருக்கான வேலைதான் இந்தப் பட்டியலில் அதிகம்: மட்டக் கம்பு பார்ப்பது, துளிர் சீவுவது, வண்டல் குழி காலி செய்வது. மீதிக்கு ஊராட்சி மூலம் ஊரக வேலைத் திட்டப் பணியாளர்களைக் கேட்கலாம்.

யாராவது நோயில் விழுந்தார்கள் என்றால் மறு வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். சாக்கடை கலந்த தண்ணீரில் புண்ணுள்ள காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். முழங்கால் பூட்ஸ் இல்லாதவர் கரையில் மட்டும். இடுப்புக்கு மேல் ஆழத்தில் யாரும் இறங்கக் கூடாது, தூர் வாரிய குட்டையில் தண்ணீருக்கடியில் வண்டி வெட்டிய பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. வேலை முடிந்து ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய், சாக்கடைத் தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள்.